குறைந்த செலவில் ஃபேர்வே வுட் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோல்ஃப் பழகத் தொடங்கியவர்களின் பையைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மிகத் தூரம் அடிக்க ஒரு டிரைவர், ஆறாம் எண்ணிலிருந்து தொடங்கும் அயர்ன்கள் என்ற இரும்புத் தலை மட்டைகள், பந்தைக் குழிக்குள் உருட்ட ஒரு பட்டர். டிரைவருக்கும் 6-அயர்னுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. ஐந்து அடியில் முடிக்க வேண்டிய பார் 5 குழியில் இரண்டாவது அடிக்கு 200 யார்டு மிச்சம் இருக்கும்போது எதை எடுப்பதென்று தெரியாமல் நிற்பது இதனால்தான். அந்த இடத்தை நிரப்பும் கிளப் (மட்டை) ஃபேர்வே வுட். ஃபேர்வே என்ற வெட்டிய புல் பாதையில் கிடக்கும் பந்தைத் தூரமாக அடிக்க உதவுவது, 3, 5, 7 என்று எண்ணிட்டு வருவது. இதற்குப் பெரிய தொகை செலவழிக்கவே வேண்டாம். பந்து படும் முகப்பின் சாய்வுக் கோணமான லாஃப்டை முதலில் பாருங்கள், தண்டான ஷாஃப்டை அடுத்துப் பாருங்கள், கம்பெனி பெயரைக் கடைசியில் பாருங்கள். இந்த வரிசை மாறும்போதுதான் பணம் வீணாகிறது.

படி 1: கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

விதிப்படி ஒரு சுற்றுக்கு 14 கிளப் வரை எடுத்துப் போகலாம். கூடுதலாக ஒன்று இருந்துவிட்டால் அது இருந்த ஒவ்வொரு குழிக்கும் 2 ஸ்ட்ரோக் (அடி), ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 4 ஸ்ட்ரோக் தண்டனை. புதியவர்களுக்குப் பத்துப் பதினொன்றே போதும், 14-ஐ நிரப்பியே ஆகவேண்டும் என்றில்லை.

ஒரு தாளை எடுத்து டிரைவரின் லாஃப்டை எழுதுங்கள். தலையின் அடிப்பகுதியான சோலிலேயே பொறித்திருக்கும், பொதுவாக 10.5 அல்லது 12 டிகிரி. அதற்குக் கீழே, பத்து முறை அடித்தால் ஏழு முறையாவது பந்து நன்றாக எழும்பிப் போகிற உங்கள் மிக நீளமான அயர்ன் எது என்று எழுதுங்கள். பையில் 4-அயர்ன் இருக்கிறது என்பது கணக்கில்லை, அடிக்க முடிகிறதா என்பதே கணக்கு. புதியவர்களுக்கான இன்றைய செட்களில் 6-அயர்ன் 25 முதல் 27 டிகிரி வரை இருக்கும். பழைய செட் என்றால் மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் நிரப்பப் போகிறீர்கள். ஒரு கிளப்புக்கும் அடுத்ததற்கும் 3 அல்லது 4 டிகிரி வித்தியாசம் இருந்தால் தூரத்தில் 10 முதல் 15 யார்டு வித்தியாசம் கிடைக்கும்.

படி 2: 3-வுட்டை விடுங்கள், 5-வுட்டில் தொடங்குங்கள்

புதியவர்கள் தவறு செய்கிற முதல் இடம் இது. டிரைவருக்கு அடுத்தது 3-வுட் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். வழக்கமான 3-வுட் 15 டிகிரி லாஃப்ட், 43 அங்குல நீளம். 5-வுட் 18 அல்லது 19 டிகிரி, 42 முதல் 42.5 அங்குலம். 7-வுட் 21 அல்லது 22 டிகிரி, அதைவிட அரை அங்குலம் குட்டை.

15 டிகிரி ஃபேஸை (பந்து படும் முகப்பை) வைத்துக்கொண்டு தரையில் கிடக்கும் பந்தைத் தூக்க வேகம் வேண்டும். டிரைவரை மணிக்கு 85 மைல் வேகத்தில் வீசுபவர் 3-வுட்டை அடித்தால் பந்து தாழ்வாகக் கிளம்பிச் சீக்கிரமே விழுந்துவிடும். அதே ஆள் 5-வுட்டை அடித்தால் பந்து உயரமாக எழுந்து அதே தூரமோ, சில சமயம் கூடுதலாகவோ போகும். லாஃப்ட் கூடும்போது பின்சுழற்சி கூடுகிறது, பக்கவாட்டு வளைவு குறைகிறது. ஷாஃப்ட் குட்டையாவதால் ஃபேஸின் நடுவில் படுவதும் எளிது. டிரைவர் காற்றில் 210 யார்டாவது போகாதவர்கள் 3-வுட்டை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் 18 டிகிரி 5-வுட். இரண்டு வாங்க முடியும் என்றால் அதோடு 21 டிகிரி 7-வுட். 7-வுட் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் என்று சொல்பவர்கள் உண்டு, அதை நம்பாதீர்கள். இன்று தொழில்முறை ஆட்டக்காரர்களின் பைகளிலும் அதைப் பார்க்கலாம். நீண்ட அயர்னைவிட உயரமாகப் பறந்து, குழி இருக்கும் கிரீனில் மெதுவாக இறங்கும். புற்கள் கொஞ்சம் வளர்ந்த இடத்திலும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கிளப்பின் மேல் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 3-வுட் 13.5 டிகிரி இருக்கும், இன்னொன்றில் 16.5 இருக்கும். வாங்கும்போது டிகிரியைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: தலையின் வடிவம்

கடையிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். பந்தை வழுவழுப்பான தரையில் வையுங்கள், அதன் பின்னால் கிளப்பைத் தட்டையாக வையுங்கள். இப்போது குனிந்து பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஃபேஸின் மேல் விளிம்புக்கு மேலே பந்தின் உச்சி எட்டிப் பார்க்க வேண்டும். அப்படித் தெரிந்தால் ஃபேஸ் உயரம் குறைந்தது, எடை கீழே உட்கார்ந்திருக்கிறது, தரையிலிருந்து அடிக்க ஏற்றது. பந்தின் உச்சி ஃபேஸின் மேல் விளிம்பைவிடத் தாழ்ந்திருந்தால் அந்தத் தலை டீயிலிருந்து (பந்தைத் தூக்கி வைக்கும் சிறு முளை) அடிப்பவருக்கானது. தரையிலிருந்து அடிக்கும்போது பந்து அதன் எடை மையத்துக்குக் கீழே பட்டு, பலமில்லாமல் தாழப் போகும்.

நம் ஊர் வெயிலில் காய்ந்து கெட்டியான ஃபேர்வேகளில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். 1990-களின் நடுவில் ஆடம்ஸ் கம்பெனி கொண்டுவந்த டைட் லைஸ் என்ற ஃபேர்வே வுட் பெயர் வாங்கியதே இப்படி உயரம் குறைந்த ஃபேஸால்தான்.

தலை துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் போதும். டைட்டானியம், கார்பன் மேல்மூடி எல்லாம் விலையை ஏற்றும் அளவுக்குப் புதியவரின் ஆட்டத்தை ஏற்றாது. லாஃப்டை மாற்றும் ஹோசல் (ஷாஃப்ட் தலையில் சேரும் குழல்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. அது உள்ளதை வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வலக்கை ஆட்டக்காரர் லாஃப்டைக் குறைத்தால் ஃபேஸ் கொஞ்சம் வலப்பக்கம் திறக்கும், கூட்டினால் இடப்பக்கம் மூடும். பந்து வலப்பக்கம் வளைந்து போகிறவர்கள் லாஃப்டைக் குறைத்து வைத்தால் இன்னும் மோசமாகும்.

படி 4: ஷாஃப்ட்

கிராஃபைட் ஷாஃப்ட்தான் வேண்டும், 50 முதல் 65 கிராம். உங்கள் டிரைவர் காற்றில் போகும் தூரம் 180 யார்டுக்குள் என்றால் நெகிழ்வான சீனியர் ஃபிளெக்ஸ், 180 முதல் 215 வரை நடுத்தரமான ரெகுலர், அதற்கு மேல் கெட்டியான ஸ்டிஃப். இது தோராயமான வழிகாட்டிதான், ஏனென்றால் ஃபிளெக்ஸுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் போல இருக்கலாம். தேவைக்கு மேல் கெட்டியான ஷாஃப்டில் பந்து தாழ்வாக வலப்பக்கம் போகும். மிகவும் நெகிழ்வாக இருந்தால் உயரமாக இடப்பக்கம் இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் நெகிழ்வானதை எடுங்கள்.

படி 5: எதைத் தேடுவது, எங்கே தேடுவது

புதிதாகவே வாங்க வேண்டுமென்றால் டூர் எட்ஜ், வில்சன், டெக்கத்லானின் இனெசிஸ் போன்றவை பெரிய கம்பெனிகளைவிடக் கையைக் கடிக்காது. ஆனால் செலவழிக்கும் பணத்துக்கு அதிகம் கிடைப்பது சில வருடம் பழைய பெரிய கம்பெனி மாடல்களில்தான். டெய்லர்மேட் எம்2, 2018-இல் வந்த கேலவே ரோக், 2019-இன் பிங் ஜி410, கோப்ரா எஃப்9, 2020-இன் கேலவே மேவரிக், டெய்லர்மேட் சிம் மேக்ஸ். இவற்றில் எது கிடைத்தாலும் வாங்கலாம். எம்2 என்ற பெயரில் 2016-லும் 2017-லும் இரண்டு தனித்தனி மாடல்கள் வந்தன, எந்த வருடத்தது என்று கேட்டு விலை பேசுங்கள்.

பெயரின் வாலைக் கவனியுங்கள். சப் ஜீரோ, டூர், எல்எஸ்டி என்று முடிந்தால் அவை வேகமாக வீசுபவர்களுக்காகச் சுழற்சியைக் குறைத்துச் செய்தவை. விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மேக்ஸ் என்று இருந்தால் தைரியமாகப் பார்க்கலாம்.

உங்கள் மைதானத்தின் கடையான புரோ ஷாப்பிலும் பை தூக்கும் கேடி அண்ணன்களிடமும் சொல்லி வையுங்கள். யார் செட்டை மாற்றப் போகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். வெளிநாட்டுத் தளங்களில் பழையதை வாங்கினால் கப்பல் கூலியையும் சுங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், மலிவு அங்கேயே கரைந்துவிடும். பெட்டி பிரிக்காத புது மாடல் கடை விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது என்றால் அது போலி.

படி 6: பழையதைக் கையில் எடுத்துப் பார்ப்பது

இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், விற்பவர் அவசரப்படுத்தினாலும்.

வெளிச்சத்தில் ஃபேஸைச் சாய்த்துப் பாருங்கள். கீறல்கள் இருக்கலாம். ஆனால் மயிரிழை போல ஒரு கோடு விளிம்புவரை ஓடினால் அது வெடிப்பு. நகத்தால் வருடினால் கீறல் வழவழவென்று போகும், வெடிப்பில் நகம் மாட்டும். அடுத்து கட்டை விரலால் மேல்மூடியைச் சுற்றிலும் அழுத்துங்கள். எங்காவது உள்ளே அமுங்கிக் கிளிக்கென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேல்மூடியில் பந்து பட்டு வந்த வெள்ளைத் தழும்புகள் அழகைக் கெடுக்கும், ஆட்டத்தைக் கெடுக்காது. விலையைக் குறைக்க அதைச் சொல்லலாம்.

காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே ஏதோ உருண்டால் காய்ந்த பசைத் துணுக்காக இருக்கும். அதனால் தூரம் குறையாது. கிளப் பழுதுபார்ப்பவர் எடைத் திருகின் துளை வழியே எலிப் பசை போன்ற ஒட்டும் பசையைக் கொஞ்சம் விட்டால் துணுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். ஆனால் தலையைப் பிடித்துக்கொண்டு கிரிப்பை (கைப்பிடியை) திருகும்போது இணைப்பில் அசைவு தெரிந்தால் ஹோசல் பசை விட்டுப்போயிருக்கிறது. சரிசெய்யாமல் அதை அடித்தால் தலை பறக்கும்.

ஷாஃப்டில், தலையிலிருந்து கிரிப் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் பாருங்கள். பையின் விளிம்பில் உரசி உரசித் தேயும் இடம் அது. பெயின்ட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, கறுப்பு இழை பிசிறிக்கொண்டு தெரிந்தால் அது முறியப் போகும் ஷாஃப்ட்.

பிறகு டேப்பால் நீளத்தை அளங்கள். 5-வுட் 42 அங்குலத்துக்கு நன்றாகக் குறைந்திருந்தால் முந்தைய ஆள் வெட்டியிருக்கிறார். அரை அங்குலம் வெட்டினாலே தலை லேசாகிவிட்ட உணர்வு வரும், வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்று சொல்லும் ஸ்விங் எடையில் சுமார் 3 புள்ளி போகும். ஈயப் பட்டை ஒட்டி ஈடுகட்டலாம், 2 கிராமுக்கு ஏறக்குறைய 1 புள்ளி. சமையலறைத் தராசில் வைத்தால் முழுக் கிளப்பும் 310 முதல் 340 கிராம் வரை இருக்க வேண்டும். அதைவிட ரொம்பத் தள்ளி இருந்தால் போலியாக இருக்கலாம், ஹோசலில் வரிசை எண் இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கிரிப் தேய்ந்து பளபளத்தால் கவலை வேண்டாம், அது மாற்றக்கூடியது. அந்தச் செலவை மட்டும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

படி 7: அடித்துப் பாருங்கள், பாயில் அல்ல

பயிற்சித் தளத்தின் செயற்கைப் பாய் பொய் சொல்லும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையில் பட்டாலும் கிளப் பாயில் சறுக்கிப் பந்தைத் தூக்கிவிடும். அதே அடியைப் புல்லில் அடித்தால் பந்து நாற்பது யார்டில் நிற்கும். முடிந்தால் புல்லிலேயே பத்துப் பந்து அடியுங்கள். பந்தின் பின்பக்கம் வெள்ளைப் பலகைக்கான மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் ஃபேஸில் எங்கே பட்டதென்று தடம் விழும். தடங்கள் ஹோசல் பக்கமாகவே குவிந்தால் பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். நுனிப்பக்கம் குவிந்தால் தள்ளி நிற்கிறீர்களா என்று பாருங்கள். நின்ற இடத்தை மாற்றிய பிறகும் நடுவுக்கு வராவிட்டால் அந்தக் கிளப்பின் நீளம் உங்களுக்குப் பொருந்தவில்லை.

நல்ல மூன்று அடிகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். மோசமான மூன்றும் எங்கே போய் விழுந்தன என்று பாருங்கள். அவை ஃபேர்வேயின் ஓரத்திலாவது நின்றால் அது உங்களுக்கான கிளப்.

படி 8: வாங்கியபின்

பந்தை இடது குதிகாலிலிருந்து இரண்டு பந்து அகலம் உள்ளே வையுங்கள். டீயில் வைத்தால் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரம் போதும். பந்தைத் தூக்கிவிட முயல்வதால்தான் கிளப் பந்தின் உச்சியில் பட்டு, பந்து உருண்டு ஓடுகிறது. தூக்குவது லாஃப்டின் வேலை. பந்தைத் தாண்டிய புல்லைத் துடைப்பதுபோல வீசுங்கள். வளர்ந்த புல்லில் பந்து பாதிக்கு மேல் புதைந்திருந்தால் வுட்டைப் பையிலேயே விடுங்கள்.

ஊருக்கேற்பவும் கொஞ்சம் மாற வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோயம்புத்தூரில் எதிர்க்காற்றில் 7-வுட் மேலேறி அப்படியே நின்றுவிடும். அங்கே 5-வுட்டின் கிரிப்பை ஓர் அங்குலம் கீழே பிடித்து மெதுவாக அடிப்பது மேல். கொடைக்கானல், ஊட்டியில் 2,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் அதே அடி 6 முதல் 8 சதவீதம் கூடுதலாகப் போகும். சென்னையில் 170 யார்டு போகிற 5-வுட் அங்கே 180-ஐத் தாண்டும், கிரீனுக்கு அப்பால் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

தலைக்கு உறை போடுங்கள். அயர்ன்கள் மோதியே பாதி மேல்மூடிகள் கெடுகின்றன. சித்திரை வெயிலில் கார் டிக்கியில் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் ஹோசலில் இருக்கும் எப்பாக்ஸி பசை இளகும், கிரிப்பின் அடியில் உள்ள நாடாவும் வழுக்கத் தொடங்கும்.