பழைய கம்ப்யூட்டரில் பிராசசர் சூடு: எண்ணைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

இன்டெல்லின் கோர் 2 டுவோ ஈ8400 பிராசசர் போட்ட மெஷினில், சூடு காட்டும் 'கோர் டெம்ப்' மென்பொருள் 68 டிகிரி காட்டுகிறது. இன்டெல் தரும் விவரத்தில் உச்சவரம்பு 72.4. இன்னும் நாலே டிகிரிதான் என்று பதறிப் புது ஃபேன் வாங்க ஓட வேண்டாம். 72.4 என்பது பிராசசரின் உலோக மூடிக்கு மேல் அளக்க வேண்டிய சூடு. மென்பொருள் காட்டுவது உள்ளே கணக்குப் போடும் பகுதியான கோரின் சூடு. அதற்கு எல்லை 100.

அந்த 68-ம் நேரடியாக அளந்த எண் இல்லை. எல்லையைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதை மட்டும்தான் சென்சார் சொல்லும். மென்பொருள் அதை எல்லையிலிருந்து கழித்துக் காட்டும். இந்தத் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளுக்கான எல்லைகளை இன்டெல் 2008-இல்தான் வெளியிட்டது. அதற்கு முந்தைய மென்பொருள்கள் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டவை. 105 என்று வைத்துக் கணக்கிட்டால் 5 டிகிரி கூடுதலாகத் தெரியும். மென்பொருளின் அமைப்புகளில் 'டிஜே மேக்ஸ்' (இந்த எல்லையின் பெயர்) எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

சும்மா இருக்கும்போது வரும் எண்ணை வைத்து முடிவெடுப்பது அடுத்த தவறு. எல்லைக்குப் பக்கத்தில் வரும்போதுதான் இந்த சென்சாருக்குத் துல்லியம். கீழே இறங்க இறங்கப் பிசகும். சில சிப்புகளில் ஒரு கோர் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கவே இறங்காது. சும்மா இருக்கும்போது இரண்டு கோருக்கும் ஆறேழு டிகிரி வித்தியாசம் என்பதற்காக, பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளை 15 நிமிடம் ஓட்டி, எல்லைக்கு இன்னும் பாக்கி எத்தனை டிகிரி என்று பாருங்கள். 25-க்கு மேல் என்றால் கவலையில்லை. 10-க்குள் வந்தால் வேலை இருக்கிறது.

ஏஎம்டி ஃபெனம் 2, எஃப்எக்ஸ் மெஷின்களில் அறை 32 டிகிரியாக இருக்க, பிராசசர் 15 என்று காட்டலாம். ஃபேன் காற்று மட்டும் எதையும் அறைக்குக் கீழே குளிர்விக்காது. அந்த எண் ஃபேனைக் கட்டுப்படுத்த வைத்த அளவுகோல். உண்மையான சூடு அல்ல. மதர்போர்டு சென்சார் ஒன்று அசையாமல் 127 காட்டினால், அந்தப் பின்னில் எதுவும் இணைக்கவில்லை என்று அர்த்தம். விட்டுவிடலாம். பயாஸில் (மெஷின் துவங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) விண்டோஸைவிடக் கூடுதலாகத் தெரிவதும் இயல்பே, அங்கே பிராசசர் பெரும்பாலும் ஓய்வு நிலைக்குப் போவதில்லை.

எண்ணைவிட, அது ஏறும் வேகம் அதிகம் சொல்லும். லோடு கொடுத்த சில விநாடிகளில் 90-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை, அல்லது பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்துவிட்டது. பத்து நிமிடத்தில் மெதுவாக ஏறினால் தூசி. இந்த இன்டெல் சிப்புகள் உட்காரும் 775 சாக்கெட் போர்டுகளில், ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் நாலு புஷ் பின்களில் பெரும்பாலும் ஒன்று எழும்பியிருக்கும். மேலிருந்து பார்த்தால் பொருந்தியது போலவே தெரியும். போர்டைத் திருப்பி, வெள்ளைப் பின்னின் கால்களைக் கறுப்புக் கம்பி விரித்திருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி மாட்டும்போது பழைய பேஸ்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அரைப் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். பின்களைக் குறுக்குக் குறுக்காக அழுத்துங்கள். தூசியை ஊதப் புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

60-இல் இருக்கும்போதே மெஷின் பட்டென்று அணைகிறதா? பிராசசரைக் குறை சொல்லாதீர்கள். அது 100-ஐத் தொட்டால்கூட முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும், மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டர்களையும் பாருங்கள்.