மருத்துவமனை ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம்: முதன்முறை நடத்துபவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் பிறந்தால் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகை எங்கே போனாலும் மருத்துவமனை வாசலில் பிங்க் பலூன் தொங்கும். ஒரு பேனர், ஒரு உறுதிமொழி, ஒரு குரூப் போட்டோ. ஆனால் அந்த பேனரைக் கட்டிய ஆயாம்மாவையும் அதே வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டரையும் யாராவது பரிசோதித்தார்களா? பெரும்பாலும் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் உடம்பைக் கவனிப்பவர்கள் தங்களுக்கென்று ஒரு ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்வதில்லை. அவர்களுக்காக ஒரு மணி நேரக் கூட்டத்தை உருப்படியாக நடத்துவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பேசுவதற்கு முன் வழியைத் திறந்து வையுங்கள்

நீங்கள் நன்றாகப் பேசினால் மறுநாளே ஒருவர் வந்து, "எனக்கு இங்கே ஏதோ தட்டுப்படுது" என்பார். அப்போது அவரை எங்கே அனுப்புவீர்கள்? இதற்குப் பதில் தெரியாமல் கூட்டம் போடாதீர்கள். அதைவிட நடத்தாமல் இருப்பதே மேல்.

சர்ஜரி ஓ.பி. எந்தக் கிழமை, பெண் டாக்டர் எப்போது இருப்பார், அல்ட்ராசவுண்டு எந்த அறையில், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) உங்கள் மருத்துவமனையிலேயே உண்டா அல்லது வேறு ஊருக்குப் போக வேண்டுமா, பயாப்சி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) ரிசல்ட் யார் கையில் வரும் என்று விசாரித்து ஒரே தாளில் எழுதுங்கள். அறிகுறியோடு வருபவருக்கு 60 நாட்களுக்குள் நோயைக் கண்டறிந்து முடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. உங்கள் தாளில் எழுதிய வழி அதற்குள் முடிகிறதா என்று பாருங்கள். ஒப்பந்தப் பணியாளர்களிடம் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். சிகிச்சை என்று வரும்போது அட்டைக்கு அலைந்தால் வாரக்கணக்கில் நாள் போய்விடும்.

படி 2: நாளும் நேரமும்

அக்டோபரில்தான் நடத்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டெல்டாவில் அது சம்பா நடவும் அடைமழையும் தீபாவளி வேலையும் சேர்ந்து வரும் காலம். துப்புரவுப் பணிக்கும் கேண்டீனுக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்களில் பலருக்கு வீட்டில் வயல் வேலையும் இருக்கும். தை அறுவடை முடிந்து மாசியில் வைத்தால் மனம் விட்டு உட்காருவார்கள். மதியம் ஷிப்ட் மாறும் நேரம் நல்லது. மாலையில் வைத்தால் பாதிப் பேர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அழைக்கும்போது யாரையும் விடாதீர்கள்: ஹவுஸ் சர்ஜன், நர்சிங் மாணவிகள், லேப் டெக்னீஷியன், ஆயா, செக்யூரிட்டி எல்லோரும் வரட்டும். ஆண்களும் வர வேண்டும். இந்த நோய் ஆண்களுக்கும் வரும், நோய் வருபவர்களில் நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான் ஆண்கள் என்றாலும். கைப்பயிற்சிக்கு மட்டும் பெண்களைத் தனி அறைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இருபது நிமிடத்தில் எதைச் சொல்வது

2022இல் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு சுமார் 98,000 பேர் இதனால் இறந்தார்கள். இந்த இரண்டு எண் போதும், வேறு புள்ளிவிவரம் வேண்டாம். இத்தனை பேர் இறப்பதற்கு முக்கியக் காரணம் தாமதமாக வருவதுதான் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

அறிகுறிகளை வீட்டில் பேசும் வார்த்தையிலேயே சொல்லுங்கள். மார்பில் கட்டி அல்லது தடிப்பு. அக்குளில் நெறி கட்டுவது. தோல் ஓரிடத்தில் குழி விழுவது, அல்லது ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரப்பாவது. காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, அதில் ஆறாத புண் வருவது, ரத்தம் கசிவது. பெரும்பாலான புற்றுக்கட்டிகள் ஆரம்பத்தில் வலிக்காது. "வலிக்கலையே, அதனால ஒண்ணுமில்ல" என்று நினைத்துத்தான் பலரும் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பால் கொடுக்கும் பெண் என்றால் "பால் கட்டியிருக்கும்" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுவார்கள்.

மருத்துவமனை ஆட்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. கொஞ்சம் தெரிந்திருப்பதால் தாங்களே நோயைத் தீர்மானித்துக்கொள்வார்கள். "ஃபைப்ரோஅடினோமாவாத்தான் இருக்கும்" (புற்று அல்லாத சாதாரணக் கட்டி) என்று சொல்லிக்கொண்டு, தெரிந்த பார்மசியில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இதைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் எடுத்துப் பேசுங்கள். கட்டி என்றால் மூன்றும் நடக்க வேண்டும்: டாக்டரின் கைப்பரிசோதனை, ஸ்கேன் அல்லது மேமோகிராம், ஊசி வைத்து எடுக்கும் பயாப்சி. இந்த மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் "பயமில்லை" என்ற பேச்சு.

மாணவர்களுக்கு ஒரு தகவலும் சொல்லலாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பக்கத்துப் புதுக்கோட்டைக்காரரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாமல் முயன்றுதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது.

படி 4: கை பழகட்டும்

கூட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

சிலிக்கோனில் செய்த மார்பக மாதிரி கல்லூரியின் ஸ்கில் லேபில் (செய்முறைப் பயிற்சி அறை) இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நாமே செய்யலாம். மெத்தென்ற ஸ்பாஞ்சில் கையகல வட்டமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு மிளகு, ஒரு காய்ந்த பட்டாணி, ஒரு புளியங்கொட்டை ஆகியவற்றைத் தள்ளித் தள்ளி வையுங்கள். பழைய லெகின்ஸ் துணியால் இழுத்துச் சுற்றித் தைத்துவிடுங்கள். நிஜத் தசை போல இருக்காதுதான், ஆனால் விரல் எப்படித் தேட வேண்டும் என்பது பிடிபடும். கண்ணை மூடிக்கொண்டு தேடச் சொல்லுங்கள். புளியங்கொட்டையை எல்லோரும் பிடித்துவிடுவார்கள். மிளகுக்குப் பொறுமை வேண்டும்.

முறை இதுதான். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, நுனியால் அல்ல, ரேகை இருக்கும் தட்டையான பகுதியால் தொடுங்கள். ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சின்ன வட்டம். ஒரே இடத்தில் மூன்று அழுத்தம்: முதலில் லேசாக, அப்புறம் கொஞ்சம் கூட்டி, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும்வரை. பிறகு விரலை எடுக்காமல் அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். அக்குளில் தொடங்கி மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று நெஞ்சு நடு எலும்புவரை வரிசையாகப் போங்கள். மேலே காரை எலும்பு, கீழே மார்பின் அடிமடிப்பு, இதுதான் எல்லை. ஏறக்குறைய பாதிக் கட்டிகள் அக்குளை ஒட்டிய மேல்பகுதியில்தான் வரும், அங்கே அவசரப்படாதீர்கள். கடைசியில் அக்குள் குழியையும் காரை எலும்புக்கு மேலேயும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நிஜ நோயாளிக்குச் செய்யும்போது திரை இருக்க வேண்டும், துணைக்கு ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும், தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். மாணவர்கள் இந்தக் கேட்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

கைப்பரிசோதனையால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் மும்பையைச் சொல்லுங்கள். அங்கே 1998இல் தொடங்கி 1,50,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் அவர்களில் பாதிப் பேரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். நோய் முன்கூட்டிய நிலையிலேயே பிடிபட்டது. 20 ஆண்டு முடிவில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் இறப்பு 30 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. அதைவிட இளையவர்களிடம் அப்படிக் குறைவு தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஷாங்காயில் 2,66,000 பெண்களில் பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை கற்றுக்கொடுத்து நடத்திய ஆய்வில் இறப்பு குறையவில்லை. அதனால் மாதாமாதம் செய்தே தீர வேண்டிய சடங்காகச் சுயபரிசோதனையைத் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. தன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும், மாற்றம் தெரிந்தால் அந்த வாரமே வரட்டும்.

படி 5: கேண்டீனில் கேட்கும் கேள்விக்குப் பதில்

ஊழியர்கள் டாக்டரிடம் முதலில் சொல்ல மாட்டார்கள். டீ குடிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்வார்கள். அந்தப் பக்கத்து ஆளைத் தயார் செய்யுங்கள். இரண்டிரண்டு பேராக நிற்க வைத்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

"சிஸ்டர், இங்க சின்னதா ஒண்ணு இருக்கு, ஒண்ணுமில்லதானே?"

"எவ்வளவு நாளா இருக்குக்கா? நாளைக்கு சர்ஜரி ஓ.பி. இருக்கு, நானும் கூட வர்றேன்."

இவ்வளவு போதும். "ஒண்ணும் இருக்காது" என்றும் சொல்லக் கூடாது, முகத்தைச் சுளித்துப் பயமுறுத்தவும் கூடாது.

ரகசியம் இங்கே பெரிய விஷயம். கூட வேலை பார்ப்பவர் ரிஜிஸ்டரில் பெயரைப் பார்த்துவிடுவாரே, வார்டு முழுக்கப் பரவிவிடுமே என்ற பயத்தில் திருச்சிக்குப் போகிறேன் என்பார்கள், போகவே மாட்டார்கள். பெயர் சொல்லி வரிசையில் கூப்பிட மாட்டோம் என்று கூட்டத்திலேயே வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.

படி 6: அன்றைக்கே பரிசோதனை

30 முதல் 65 வயதுவரை உள்ள பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை என்பது இந்திய அரசின் வழிகாட்டுதல். கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறையில் பெண் டாக்டர் தயாராக இருக்கட்டும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் வந்திருந்தால், முன்னதாகவே எப்போது தொடங்குவது என்று அந்த டாக்டரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.

ஒருவர் பொறுப்பில் ஒரு நோட்டு, பூட்டிய அலமாரியில். யார் ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டார், எந்தத் தேதி, ரிசல்ட் வந்ததா, பயாப்சி ஆனதா என்று நான்கு பத்தி. வாரம் ஒருமுறை திறந்து, காலியாக இருக்கும் கட்டத்துக்கு உரியவருக்குப் போன் போடுங்கள். பிள்ளைக்குப் பரீட்சை என்பார், நைட் டியூட்டி என்பார். சரி என்று கேட்டுக்கொண்டு, அடுத்த தேதியை அந்த அழைப்பிலேயே குறித்துவிடுங்கள்.