எழுத்து முதல், ரிக்கற் கடைசி: யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்குத் தேனிலவு போகிறவர்களுக்கு

கலியாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய சூட்டோடு விமான ரிக்கற்றையும் எடுத்துவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. இலங்கைக் கடவுச்சீட்டோடு சுவிஸ் போவதென்றால் பயணத் திகதி விசாவின் கையில் இருக்கிறது. விசாக் கோப்பு வலுவாக இருக்க எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் எழுத்து, அடுத்தது விசா. திரும்பி வராத காசு எதுவானாலும் அதற்குப் பிறகுதான்.

நாள் குறிக்கும்போது

ஆவணியில் கலியாணம் என்றால் புரட்டாசி நடுப்பகுதி, அதாவது செப்டெம்பர் கடைசி, சுவிஸுக்கு அருமையான காலம். பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைந்திருக்கும், மலைப்பாதைகள் திறந்திருக்கும். ஆனியில் கலியாணம் செய்து ஜூலையில் போனால் ஹோட்டல் விலை உச்சத்தில் நிற்கும். தையில் கலியாணம் என்றால் பெப்ரவரி கடும் பனிக்காலம். பனி பார்க்கத்தான் போகிறோம் என்றால் சரி. ஏரியில் கப்பல், புல்வெளியில் நடை என்று ஆசைப்பட்டால் வைகாசி கடைசி வரை பொறுத்திருப்பது நல்லது.

கலியாணம் முடிந்த மறுவாரமே பறக்க நாள் வைக்காதீர்கள். நாலாம் சடங்கு, இரு வீட்டு விருந்துகள், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் சொந்தங்கள் என்று பத்து நாளாவது ஓடிவிடும். களைத்த உடம்போடு மலைநாட்டில் இறங்கினால் முதல் மூன்று நாளும் படுக்கையில்தான் போகும்.

பெயரில் வரும் சிக்கல்

எழுத்தைப் பயணத்துக்கு நான்கு மாதம் முன்னதாகவே வைத்துவிடுங்கள். பதிவு இல்லாமலும் இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் கலியாணச் சான்றிதழ் இருந்தால் ஒருவரின் வங்கிக் கணக்கையும் வேலையையும் மற்றவருக்கும் சேர்த்துக் காட்ட இலகுவாக இருக்கும். பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கொடுக்கும்போது இருவரின் கடவுச்சீட்டுப் பிரதியையும் கூடவே கொடுக்க வேண்டும். தமிழ்ப் பெயரின் ‘வ’வை ஒருவர் ‘வி’ எழுத்தாலும் இன்னொருவர் ‘டபிள்யூ’ எழுத்தாலும் எழுதுவார். கடவுச்சீட்டில் ஒருவிதம், சான்றிதழில் வேறுவிதம் என்றால் அது இரண்டு ஆட்கள் போலத்தான் தெரியும்.

மணப்பெண் கடவுச்சீட்டைக் கணவர் பெயருக்கு மாற்றத்தான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. தகப்பன் பெயரோடு இருக்கும் பழைய கடவுச்சீட்டிலேயே விசா எடுக்கலாம், ரிக்கற்றும் அதே பெயரில் போடலாம். மாற்ற விரும்பினால் விசாவுக்கு விண்ணப்பிக்க முன்னரே மாற்றி முடியுங்கள். விசா ஒரு பெயரில், ரிக்கற் இன்னொரு பெயரில் இருந்தால் விமானத்தில் ஏறவே விடமாட்டார்கள். முகவரிடம் பெயரை வாயால் சொல்ல வேண்டாம். கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, ரிக்கற் வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

விசாக் கோப்பு

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் வலயத்துக்குள் சுவிஸ் இருக்கிறது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு 15 நாள்கூட இல்லாதபோது விண்ணப்பித்தால் பிந்திவிட்டீர்கள். முடிவுக்கு வழமையாக 15 நாள், மேலும் விசாரித்தால் 45 நாள் வரை போகும். நேர ஒதுக்கீடு கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் மூன்று மாதம் முன்னரே தொடங்குவது பாதுகாப்பு. விரலடையாளம் நேரில் கொடுக்க வேண்டும். கொழும்புக்கு இருவரும் ஒன்றாகப் போய் வர இரண்டு நாள் லீவு ஒதுக்குங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விசா விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம். விசா மறுக்கப்பட்டால் இது திரும்பி வராது.

கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், வெறும் பக்கம் இரண்டு இருக்க வேண்டும். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும், போகும் நாளிலிருந்து வரும் நாள் வரை. பத்திரத்தில் இந்த மூன்றும் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

காசு காட்டும் இடத்தில்தான் நிறையக் கோப்புகள் இடறுகின்றன. சுவிஸ் தரப்பு ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 100 பிராங் என்று கணக்குப் பார்க்கும். இருவர் ஒன்பது நாள் என்றால் 1,800 பிராங். அந்தத் தொகையைவிட முக்கியம் அது கணக்கில் வந்த விதம். விண்ணப்பிக்க ஒரு வாரம் முன் கனடா மாமா அனுப்பிய காசு ஒரேயடியாக விழுந்திருந்தால், கடன் வாங்கிக் காட்டுகிறார்கள் என்றே நினைப்பார்கள். பெரிய தொகை வந்திருந்தால் யார் அனுப்பியது, ஏன் அனுப்பினார் என்று ஒரு கடிதமும் வங்கி ரசீதும் இணையுங்கள். சம்பளம் மாதாமாதம் விழுவது தெரியும் வங்கிக் கூற்று, வேலையிடத்தின் லீவுக் கடிதம், தோட்டமோ கடையோ இருந்தால் அதன் பத்திரம் ஆகியவைதான் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்குச் சாட்சி.

சூரிச்சிலோ பேர்னிலோ சித்தப்பா இருக்கிறார் என்றால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் மற்றெல்லாம் சந்தேகத்துக்குள் போய்விடும். அவர் வீட்டில் தங்குவதானால் அழைப்புக் கடிதம் தேவை. தேவைப்பட்டால் 30,000 பிராங் வரையான பொறுப்புறுதியும் அவரிடம் கேட்கப்படும். அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றாமல் பெரும்பாலான இரவுகளை ஹோட்டலில் வைத்து, கடைசி இரண்டு நாளுக்கு வீட்டுக்குப் போவதுதான் எங்கள் ஆலோசனை. தேனிலவுக்கும் அதுவே நல்லது.

ஹோட்டல்களை இலவசமாக இரத்துச் செய்யக்கூடிய முறையில் பதியுங்கள். விமானத்துக்கு விசா வரும்வரை ஒதுக்கீடு போதும். ஆனால் பொய்யான ஒதுக்கீட்டுத் தாளை விலைக்கு வாங்க வேண்டாம். பாரிஸிலும் சொந்தம் இருக்கிறது என்றால் எந்த நாட்டில் கூடுதல் இரவுகளோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. லண்டன் ஷெங்கனுக்குள் இல்லை. இடையில் அங்கே போய்வர பிரித்தானிய விசாவும், பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவும் வேண்டும். விசா கையில் கிடைத்ததும் பெயர், திகதிகள், நாட்களின் எண்ணிக்கை, எத்தனை தடவை நுழையலாம் என்பவற்றை நிலையத்திலேயே நின்று பாருங்கள்.

விசா பிந்தினால் லீவு வீணாகாதபடி சிங்கப்பூரையோ மாலைதீவையோ மனதில் வைத்திருங்கள். இரண்டுக்கும் முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை.

ரிக்கற்

டோஹா, துபாய், அபுதாபி, இஸ்தான்புல் வழியாக ஓர் இடத்தில் மாறி சூரிச் போகலாம். முழுப் பயணமும் ஒரே ரிக்கற்றில் இருக்க வேண்டும். முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றும் பொறுப்பு அப்போதுதான் நிறுவனத்துடையது. பலாலியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து பறக்கலாமே என்று தோன்றும். தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசாவும் வேண்டும். சிறிய விமானத்தின் பொதி அளவும் குறைவு. கட்டுநாயக்காதான் வசதி. கொழும்பு பஸ்களில் பல புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகத்தான் போகின்றன, கட்டுநாயக்காவில் இறங்கலாம். ரயிலில் போனால் கொழும்பு வரை போய் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் திரும்பி வர வேண்டும். முதல் நாளே போய் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கினால் பதற்றம் இல்லை.

அங்கே

ஒன்பது நாளில் ஐந்து ஊர் என்று ஓடாதீர்கள். லூசேர்னில் இரண்டு இரவு, இன்ரலாக்கன் அல்லது லவுற்றர்புருன்னனில் நான்கு, மிச்சம் சொந்தக்காரர் ஊரில். சுவிஸ் ட்ராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்கு உண்டு. ரயில், பஸ், ஏரிக் கப்பல் மூன்றும் அதற்குள் அடங்கும். யுங்ஃபிரௌயொக் மலை நிலையம் அடங்காது. கிறின்டல்வால்ட் அல்லது வெங்கன் வரை பாஸ் செல்லும், அதற்கு மேல் 25 வீதக் கழிவு மட்டும். அந்த மலை நிலையம் 3,454 மீற்றர் உயரம். கடல்மட்டத்திலிருந்து போகிற எங்களுக்குத் தலை சுற்றலாம். வந்திறங்கிய மறுநாளே ஏறாமல் மூன்றாம் நான்காம் நாளில் ஏறுங்கள், மேலே மெதுவாக நடவுங்கள். காலையில் நேரலைக் கமெராவைப் பார்த்து, முகில் மூடியிருந்தால் வேறு நாளுக்குத் தள்ளுங்கள். விலை கூடிய ரிக்கற்றில் வெறும் வெள்ளைப் புகாரைப் பார்த்துத் திரும்புவது மிகுந்த மனவருத்தம்.

அட்டையால் காசு கட்டும்போது ‘ரூபாவா பிராங்கா’ என்று இயந்திரம் கேட்டால் பிராங்கைத் தெரிவுசெய்யுங்கள், ரூபா விகிதம் எப்போதும் பாதகம். வெளிநாட்டுப் பாவனையைப் புறப்பட முன் வங்கியில் திறந்துகொள்ளுங்கள். ஞாயிறு கடைகள் பூட்டு, பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

பெட்டி கட்டும்போது பார்சல்கள் வந்து சேரும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், முருங்கைக்காய், கறிவேப்பிலை எதையும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது. இறைச்சியும் நெய், பால் வகையும் தடை. மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் போகும். அன்ரிமாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போடுவதைவிட அது மேல்.

திரும்பும்போது ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் வாங்கிய பொருளுக்கு வரியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே கடையில் படிவம் கேட்டு, விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்க முன் சுங்கப் பகுதியில் பொருளைக் காட்டி முத்திரை குத்திக்கொள்ளுங்கள்.