மாஞ்சா இல்லாமல் காத்தாடி விடுவது எப்படி?

வடசென்னையில் காத்தாடி என்றாலே கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல்தான் ஞாபகத்துக்கு வரும், அதை முதலில் மறந்துவிடுங்கள். பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த நூல் அது. நைலான் மாஞ்சாவுக்கு 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடையே போட்டது. காத்தாடி மேலே ஏற நூல் கூர்மையாக இருக்க வேண்டியதில்லை, சாதாரணப் பருத்தி நூல் போதும்.

முதலில் இடம். மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் கரையெல்லாம் கருங்கல் கொட்டியிருந்தாலும் தூண்டில் வளைவுகளுக்கு (கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளுக்கு) நடுவே மணல் சேர்ந்த இடம் கிடைக்கும். வலை காயப் போட்டிருந்தால் தள்ளிப் போய்விடுங்கள்.

அடுத்தது சூத்திரம், அதாவது காத்தாடியில் போடும் நூல் கட்டு; பாதி வித்தை இதில்தான் இருக்கிறது. குச்சிகள் குறுக்கே சேரும் இடத்தில் ஒரு முடிச்சு, நடுக்குச்சியின் அடிப்பக்கம் ஒரு முடிச்சு, இரண்டிலிருந்தும் வரும் நூலை முன்னால் இழுத்துச் சேர்த்துக் கட்ட வேண்டும். மேல் நூல் கீழ் நூலைவிட ஒரு விரல்கடை குட்டையாக இருக்கட்டும். காற்று பலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். கட்டிய இடத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் காத்தாடி ஒரு பக்கம் சாயக் கூடாது. சாய்ந்தால் எதிர்ப்பக்க முனையில் துண்டுப் பேப்பர் ஒட்டுங்கள். புதிதாக விடுகிறவர்கள் வாலும் கட்டிக்கொள்ளுங்கள், பசங்க கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும்.

வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வீசும், அதாவது காத்தாடி ஊர்ப் பக்கம், கரண்ட் கம்பிகளை நோக்கித்தான் போகும். அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி அலையோரமாக நில்லுங்கள், ரோடு வரைக்கும் நூல் விடாதீர்கள்.

சரி, இப்போது ஏற்றலாம். நண்பர் ஒருவர் இருபது அடி தள்ளி, காற்று போகிற பக்கம் நின்று, காத்தாடியை மூக்கு, அதாவது அதன் மேல்முனை, மேலே பார்க்கப் பிடிக்கட்டும். அவர் விட்டதும் நீங்கள் இழுங்கள், ஓடத் தேவையில்லை. நூலைத் தளர்த்தினால் காத்தாடி சுற்றும், இழுத்தால் மூக்கு பார்க்கிற திசைக்குப் பாயும். ஆக, சுற்றும்போது மூக்கு வானத்தைப் பார்க்கிற அந்த நொடியில் இழுக்க வேண்டும், தரையைப் பார்க்கும்போது பதறி இழுத்தால் நேராக மணலில்தான் குத்தும். வால் கட்டியதில் இந்தச் சுற்றல் குறைவு, கை பழகியதும் அவிழ்த்துவிடுங்கள்.

கம்பியில் மாட்டிக்கொண்டால் நூலை அறுத்துவிட்டு வாங்க, பத்து ரூபாய் காத்தாடிக்காகக் கம்பால் தட்டாதீர்கள். மணலில் கிடக்கும் நூலையெல்லாம் லொட்டாயில் (நூல் சுற்றும் உருளையில்) சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள், காக்கா காலில் சிக்கும்.