பட்டாளத்து பூட்ஸ் வாங்கப் போறீங்களா? நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்ற செய்முறை

ஆடி மாதம் வந்தால் தீரன் சின்னமலை நாடகம், கல்லூரி விழா என்றால் உலகப்போர்க் குறும்படம், ஞாயிறு காலையில் வால்பாறை ஏறும் புல்லட் கூட்டம். கொங்கு நாட்டில் பழைய ராணுவ பூட்ஸின் நகலைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று வகைதான். மூவரும் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து "நல்லா மின்னுமாங்க?" என்பார்கள். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இது பழைய முறையில் பதனிட்டு, பழைய முறையில் தைத்த தோல். ஆபீஸ் ஷூவைப் போல நடத்தினால் கரூர் வெயில் ஒரே கோடையில் அதை அப்பளமாக்கிவிடும்.

முதல் படி: வருஷத்தை முடிவு செய்யுங்கள்

எந்தக் காலம், எந்தப் படை என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். சின்னமலை கம்பெனியோடு மோதியது 1801 முதல் 1805 வரை. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் காலாட்படை வீரனுக்கு முழங்கால் பூட்ஸ் வேண்டாம். கறுப்புத் தோல் ஷூவும் அதன்மேல் கணுக்காலை மூடும் துணி உறையும் போதும். அந்த ஷூவில் இடது, வலது என்ற பேதம் கிடையாது, இரண்டும் ஒரே அச்சில் செய்தவை. ஒரு பக்கமாகத் தேயக்கூடாது என்று கால் மாற்றிப் போடச் சொல்வார்கள். மெட்ராஸ் படையின் நம்மூர்ச் சிப்பாய்களுக்குச் செருப்புதான். மேடையில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் முழங்கால் பூட்ஸ் மாட்டிவிடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அந்தக் காசுக்கு அத்தனை பேருக்கும் நல்ல தோல் செருப்பே தைத்துவிடலாம்.

முதல் உலகப்போர் பிரிட்டிஷ் பூட்ஸ் கணுக்கால் உயரம். தோலின் சொரசொரப்பான உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்தது. இரண்டாம் உலகப்போருக்கு வந்தால் கறுப்பு நிறம், பொடிப்பொடியாகப் புள்ளி எழுந்த தோல், அடியில் குமிழ் ஆணி, குதிகாலில் இரும்பு லாடம். 'அம்யூனிஷன் பூட்ஸ்' என்பது இதுதான். இந்தியப் படையும் இதைப் போட்டது. அமெரிக்கர்களுடையது பழுப்பு. 1943 மாடலில் மேலே இரண்டு பக்கிள் வைத்த தோல் பட்டை இருக்கும். அவர்கள் கறுப்புக்கு மாறியது 1950களின் நடுவில்தான். ஆகவே பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கும் அமெரிக்கனுக்குக் கறுப்பு பூட்ஸ் வாங்காதீர்கள். ஜெர்மன் பூட்ஸ் கயிறில்லாமல் காலை நுழைத்து இழுக்கும் உயரமான வகை. போர் தொடங்கியதும் தோலை மிச்சம் பிடிக்க அதன் உயரத்தைக் குறைத்தார்கள்.

புல்லட்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஆணி அடித்த அடிப்பாகம் மட்டும் வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

இரண்டாம் படி: தோலைப் பாருங்கள்

பூட்ஸின் மேல் விளிம்பிலோ நாக்கின் ஓரத்திலோ வெட்டுவாய் தெரியும். அங்கே நகம் வைத்து உற்றுப் பாருங்கள். வெட்டின் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமியம் உப்பில் பதனிட்டது. உள்வரை ஒரே பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் மரப்பட்டையில் பதனிட்டது. துணி இழையும் மேலே பிளாஸ்டிக் படலமும் தெரிந்தால் அது ரெக்சின், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, விரல் மடங்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் பல வரும், கையை எடுத்ததும் மறையும். பூச்சு அடித்த மட்டத் தோலில் ஒரே பெரிய மடிப்பு விழுந்து அப்படியே நிற்கும்.

குரோம் தோல் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அது தண்ணீரைத் தாங்கும், சீக்கிரம் உலரும், பைக் ஓட்ட வசதி. ஆனால் குரோம் முறை பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதற்கு முந்தைய வேஷத்துக்குப் பட்டைத் தோலே பொருத்தம். அதற்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்த தமிழ்நாட்டுத் தோல், 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பலேறியதுதான். ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் இந்த வேலை தெரிந்த ஆட்கள் உண்டு.

மூன்றாம் படி: அடிப்பாகம்

பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள், ஓரம் முழுக்கத் தையல் ஓடுகிறதா? உள்ளே கை விட்டால் அட்டைக்குப் பதில் தோல் படுகிறதா? தைத்ததாக இருந்தால் தேய்ந்த பிறகு அடிப்பாகத்தை மாற்றிக்கொள்ளலாம், ஒட்டியதில் அது சிரமம். சில மலிவு நகல்களில் பியூ (பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்) சோல் போடுகிறார்கள். காற்றில் உள்ள ஈரத்தில் அது தானாகச் சிதையும். பீரோவில் சில வருஷம் பத்திரமாக வைத்திருந்தாலும் எடுத்துப் போட்ட அன்று பொடிப்பொடியாக உதிரும்.

குமிழ் ஆணி மண்ணுக்கும் புல்லுக்கும் உரியது. டைல்ஸ், கிரானைட், ரெட் ஆக்சைடு தரை எதுவானாலும் வழுக்கும், கீறும். வீட்டம்மாவிடம் யார் பதில் சொல்வது? பைக்கின் கால் கம்பியிலும் இரும்பு மேல் இரும்பு நிற்காது. காட்சிக்கு மட்டும் என்றால் ஆணி இருக்கட்டும், ஓட்டுவதற்கு என்றால் தோல் சோலின் மேல் மெல்லிய ரப்பர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அளவு

சாயங்காலம் அளந்து பாருங்கள், காலையைவிடக் கால் கொஞ்சம் பெருத்திருக்கும். போடப்போகும் தடித்த சாக்ஸோடு வெள்ளைத் தாளில் நின்று, குதிகாலிலிருந்து நீளமான விரல்வரை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கு நம்பரோடு இந்த அளவையும் அனுப்புங்கள். நம்மூர் நம்பர் பிரிட்டிஷ் கணக்கு; ஆண்களுக்கான அமெரிக்க நம்பர் பொதுவாக ஒன்று கூடுதல். சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக நடந்தவர்களுக்கு முன்பாதம் அகலமாக இருக்கும். அகலத்துக்குத் தனி எழுத்து போட்டு விற்கிறார்களா என்று பாருங்கள். அகலம் போதவில்லை என்று நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்கினால் மடிப்பு தப்பான இடத்தில் விழும்.

போட்டு நடக்கும்போது குதிகால் லேசாகத் தூக்கினால் பயப்படாதீர்கள். தோல் சோல் வளையப் பழகினால் அது குறையும். பக்கவாட்டில் பிடித்து அழுத்தினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழக்குவது

வீட்டுக்குள், பாயின் மேல், மாலையில் ஒரு மணி நேரம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். தண்ணீரில் ஊறவைத்துப் போட்டு நடந்தால் காலுக்குப் படியும் என்று ஒரு பட்டாளத்துக் கதை உலவுகிறது. நம்ம வெயிலில் அப்படிச் செய்தால் காயும்போது தோல் சுருங்கும், தையல் இழுக்கும். குதிகாலில் முன்கூட்டியே மெடிக்கல் டேப் ஒட்டிக்கொண்டால் கொப்புளம் வருவது குறையும்.

பராமரிப்பு

பாலிஷ் என்பது மெழுகும் நிறமும். அது மேலே நிற்கும், உள்ளே போகாது. காய்ந்த தோலின் மேல் பாலிஷாகப் பூசிக்கொண்டே போனால் மினுமினுப்பின் அடியில் வெடிப்பு வளரும். தோலுக்கு வேண்டியது கொழுப்பு, அதுவும் அளவாக.

வேலை இப்படி. கயிறைக் கழற்றுங்கள். தையலோரத்திலும் நாக்கின் மடிப்பிலும் உள்ள தூசியைக் குதிரைமுடி பிரஷ்ஷால் தட்டுங்கள். ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் புழுதியை அப்படியே விட்டு மேலே கிரீம் பூசினால் ஒவ்வொரு மடிப்பும் தோலை அரைக்கும். பிறகு பிழிந்த ஈரத்துணியால் ஒரு துடைப்பு. இதற்கு போர்வெல் தண்ணி வேண்டாம், காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூக்கும். சிறுவாணித் தண்ணியோ பிடித்து வைத்த மழைத்தண்ணியோ நல்லது. நிழலில் உலர்ந்ததும், பனியன் வேஸ்ட்டில் (திருப்பூர் பக்கத்தில் அதற்கா பஞ்சம்!) பட்டாணி அளவு லெதர் கண்டிஷனர், அதாவது தோலுக்குக் கொழுப்பு ஊட்டும் கிரீம், எடுத்து வட்டமாகத் தேயுங்கள். மடிப்பு விழும் இடத்தில் இன்னொரு தொடுப்பு. ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்த பிறகுதான் பாலிஷ்.

சொரசொரப்பு வெளியே உள்ள வகைக்குப் பாலிஷே கூடாது. அதற்கு பிரஷ் போதும். மழைக்குப் போவதானால் டப்பின், அதாவது மெழுகும் கொழுப்பும் எண்ணெயும் சேர்ந்த பசை. டப்பின் போட்ட தோலில் மினுக்கம் எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ்காரர்கள் விஷவாயுவுக்குத் தடுப்பாகவும் டப்பின் தேய்த்தார்கள், அதனால் சண்டைக்களக் காட்சிக்கு மங்கலான பூட்ஸ்தான் சரி.

காங்கேயம் பக்கத்து நண்பர்களுக்குக் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குப் போகும். போட்ட அன்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் திட்டுத்திட்டாகக் கறுக்கும், கணுக்கால் பகுதி தொளதொளத்துச் சரியும், புழுதி ஒட்டும். விளக்கெண்ணெய் இன்னும் பிசுபிசுக்கும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பது ஊரைப் பொறுத்தது. கரூர், ஈரோடு, நாமக்கல் வெயிலில் மாசி முதல் வைகாசிவரை மாதம் ஒருமுறை கண்டிஷனர் தேவைப்படலாம். வால்பாறையில் நேர்மாறு: அங்கே எதிரி பூஞ்சை. எண்ணெயைக் குறைத்துக் காற்றைக் கூட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவே கூடாது. வெள்ளைப் பூஞ்சை வந்துவிட்டால் வெளியே கொண்டுபோய் பிரஷ்ஷால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் நனைத்துத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். கலவையை முதலில் உள்பக்க மூலையில் தொட்டு நிறம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நனைந்த பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணியுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள். மொட்டைமாடி வெயில், சூடான சைலன்சர், அடுப்படி மூன்றும் ஆகாது. மழையே இல்லாவிட்டாலும் வியர்வை உண்டு, ஒருநாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுங்கள். ஆணிகளில் துரு தெரிந்தால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு சொட்டு மெஷின் ஆயில்.

குதிகால் லாடம் ஒரு ஓரத்தில் காகிதம்போல் தேய்ந்ததும் செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டு போங்கள், தோல் அடுக்கு தேயும்வரை காத்திருக்க வேண்டாம். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "ஏனுங்கண்ணா, கம் வெச்சு ஒட்டிராதீங்க, பழைய ஓட்டையிலயே ஊசி போட்டுத் தெச்சுக் குடுங்க. நைலான் நூல் வேண்டாம், மெழுகு போட்ட நூலா இருக்கட்டும்." கூலி கொஞ்சம் கூடக் கேட்பார். பேரம் பேசாமல் கொடுங்கள். கையால் சோல் தைக்கத் தெரிந்தவர்கள் இப்போது டவுனுக்குள் தேடினாலும் அதிகம் இல்லை.