தற்காப்புப் பொருட்கள்: எதை எடுத்துச் செல்வது, எங்கே வைப்பது, எப்போது பயன்படுத்துவது

கூட்டம் நெரியும் மாநகரப் பேருந்தில் பின்னால் வந்து உரசுபவனுக்கு எதிராகத் தமிழ்நாட்டுப் பெண்கள் நெடுங்காலமாக வைத்திருந்த கருவி, புடவைத் தலைப்பில் குத்தியிருக்கும் ஊக்கு. அதற்கு உரிமம் வேண்டியதில்லை, பேட்டரி வேண்டியதில்லை, பைக்குள் கைவிட்டுத் துழாவவும் வேண்டியதில்லை. தோளைத் தொட்டால் கைக்கு வந்துவிடும். இன்று இணையக் கடைகளில் பெப்பர் ஸ்பிரே, அலாரம், மின்னதிர்ச்சிக் கருவி, மடக்குக் கத்தி, இரும்புத் தடி என்று விற்கப்படும் பொருட்களில் எதை வாங்கலாம் என்று யோசிப்பவர்கள், ஊக்குக்கு இருந்த இந்தக் குணத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆபத்து நேரும்போது இரண்டு மூன்று வினாடிகளுக்குள் கைக்கு வராத பொருள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அந்த நேரத்தில் உங்களிடம் இல்லாத பொருள்தான்.

இப்பொருட்களிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். தாக்க வருபவனின் பிடியிலிருந்து விலகி, ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கு ஓடிச் சேரச் சில வினாடிகளைப் பெற்றுத் தருவதே இவற்றின் வேலை. அவனைக் கீழே தள்ளிப் பாடம் புகட்டுவதற்காக இவற்றை யாரும் எடுத்துச் செல்ல வேண்டாம். கைபேசியையோ பணப்பையையோ பறிக்க வருபவனிடம் அதைக் கொடுத்துவிட்டு விலகுவதே பெரும்பாலும் நல்லது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவையே இவை. தன் உடலையும் பிறர் உடலையும், தன் உடைமையையும் பிறர் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு விளைவிக்கக் கூடாது என்றும், காவல்துறையிடம் பாதுகாப்புக் கோர நேரம் இருக்கும்போது இந்த உரிமை இல்லை என்றும் 37-ஆவது பிரிவு கூறுகிறது. உடலைக் காக்கும் உரிமை, ஆபத்து குறித்த நியாயமான அச்சம் எழும்போது தொடங்கி, அந்த அச்சம் நீடிக்கும் வரை மட்டுமே நீடிக்கும் என்பது 40-ஆவது பிரிவு. ஆகவே கையைப் பிடித்து இழுப்பவன் மீது ஸ்பிரே அடிப்பது தற்காப்பு. அவன் விட்டுவிட்டு ஓடிய பிறகு துரத்திச் சென்று அடிப்பது வேறு கணக்கில் போய்ச் சேரும்.

பெப்பர் ஸ்பிரே வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியாவில் உரிமம் தேவையில்லை. அதனாலேயே இதை விளையாட்டுப் பொருளாக எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். ஓர் இடத்தகராறின்போது ஸ்பிரே பயன்படுத்தப்பட்ட வழக்கை ரத்து செய்யக் கோரிய மனுவை, 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் அதைப் பயன்படுத்தியது தற்காப்பாகாது என்றும், பெப்பர் ஸ்பிரே அபாயகரமான ஆயுதமே என்றும் அந்நீதிமன்றம் கருதியது. வாகனம் நிறுத்தும் இடத்துக்கான சண்டைக்கும், பக்கத்து வீட்டுக்காரருடனான வாய்த்தகராறுக்கும் பையிலிருந்து ஸ்பிரேயை எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

கத்தியைப் பொறுத்தவரை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்டவை, வீட்டுக்கோ வேளாண்மைக்கோ தொழிலுக்கோ செய்யப்பட்டவை நீங்கலாக, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் ஆயுதப் பட்டியலில் உள்ளன. எஃகுத் தடியும், உள்ளே வாளை மறைத்த கைத்தடியும் அதே பட்டியலில் இருக்கின்றன. மத்திய அரசு அறிவிக்கை செய்யும் பகுதிகளில் இவற்றுக்கு உரிமம் வேண்டும். மின்னதிர்ச்சியால் ஆளைச் செயலிழக்கச் செய்யும் கருவிகளையும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தம் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளன. இணையக் கடையில் விற்கிறார்கள் என்பது ஒரு பொருளை வைத்திருக்கலாம் என்பதற்குச் சான்றாகாது.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், கத்தியைத் தற்காப்புக்காக எடுத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. கத்தி பயன்பட வேண்டுமானால் தாக்குபவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் உங்களைவிட வலுவான ஒருவன் அதைப் பிடுங்குவது எளிது. சாவிகளை விரல்களுக்கு இடையே நீட்டிப் பிடித்துக் குத்தலாம் என்று பரவும் அறிவுரையையும் நம்ப வேண்டாம். அழுத்தம் பட்டதும் சாவி திரும்பிக்கொண்டு முதலில் காயப்படுத்துவது உங்கள் விரல்களைத்தான். மிளகாய்ப்பொடிப் பொட்டலம் இன்னொரு பழைய வழக்கம். அதைப் பிரித்துக் கையில் அள்ளி வீசுவதற்குள் நேரம் கடந்துவிடும், எதிர்க்காற்றில் அது வீசியவர் முகத்திலேயே வந்து விழும். கண்ணில் மிளகாய்ப்பொடி தூவி நகை பறித்தார்கள் என்று செய்தித்தாள்களில் நாம் படிப்பதெல்லாம், திட்டமிட்டுக் காத்திருந்து வீசியவர்களின் கதை என்பதை மறக்கக் கூடாது.

பெப்பர் ஸ்பிரே

குப்பிக்குள் இருப்பது மிளகாயின் காரச்சத்தைப் பிரித்தெடுத்த எண்ணெய்ப் பிசின். முகத்தில் பட்டதும் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும், இருமல் வரும், மூச்சு திணறும். கடும் எரிச்சல் அரை மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும். குடிபோதையில் இருப்பவனிடமோ வெறியில் இருப்பவனிடமோ எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யாமலும் போகலாம். எனவே அடித்துவிட்டு நின்று பார்க்கக் கூடாது. அடித்த உடனே பக்கவாட்டில் விலகி ஓட வேண்டும்.

புகைபோல் விரியும் வகை, நேர்க்கோட்டில் பீய்ச்சும் வகை, களிம்புபோல் ஒட்டிக்கொள்ளும் ஜெல் வகை என இது மூன்று விதமாகக் கிடைக்கிறது. விரியும் வகையில் குறி சற்றுத் தவறினாலும் பலன் உண்டு, ஆனால் காற்றில் அலைந்து உங்கள் மீதும் படியும். பேருந்து, மின்தூக்கி, ஆட்டோ போன்ற அடைந்த இடங்களில் பயன்படுத்த நேரலாம் என்று கருதுபவர்களுக்கு நேர்க்கோட்டு வகையே பொருத்தம். வாங்கும்போது காலாவதித் தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரும்பாலான குப்பிகளின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்தான். மருந்து கெடாவிட்டாலும் உள்ளிருக்கும் அழுத்தம் மெல்லக் கசிந்து குறையும். தேதியை ஒரு மார்க்கர் பேனாவால் குப்பியின் மேல் பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

வாங்கியவுடன் வீட்டு மாடியிலோ திறந்த வெளியிலோ காற்று வீசும் திசையிலேயே அரை வினாடி அடித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு தூரம் போகிறது, பொத்தானை எவ்வளவு வலுவாக அழுத்த வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். சிறு குப்பிகள் ஆறு முதல் பத்து அடி வரை எட்டும். நான்கு விரல்களால் குப்பியைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலால் மூடியை விலக்கி அதே கட்டைவிரலால் அழுத்துவதே உறுதியான பிடி. சுட்டுவிரலால் அழுத்தினால் ஒரு தட்டில் குப்பி கைநழுவிவிடும். இருட்டில் துவாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பலருக்கும் எழும் சந்தேகம். துவாரத்துக்கு நேர் பின்புறம், உள்ளங்கையில் படும்படியான இடத்தில், ஒரு சிறு துண்டுத் தடித்த டேப்பை ஒட்டிவிட்டால் பார்க்காமலே கை அதை உணர்ந்துகொள்ளும். குப்பியின் மூடியை விலக்காமல், அதை வெளியே எடுத்துக் கையை நீட்டும் செயலைத் தினமும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஓரிரு முறை செய்து பழகினால் போதும், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

பயன்படுத்தும் நேரத்தில் ஒரு கையை முன்னால் நீட்டித் தூரத்தைக் காத்துக்கொண்டு, “கிட்ட வராதே” என்று உரக்கக் கத்த வேண்டும். அந்தக் குரல் அவனுக்கு எச்சரிக்கையாகவும், அக்கம்பக்கத்தாருக்கு அழைப்பாகவும், பின்னாளில் சாட்சிகள் நினைவில் வைத்திருக்கும் செய்தியாகவும் அமையும். அதற்கும் நிற்காதவனின் கண்களைக் குறிவைத்து, ஒரு காதிலிருந்து மறு காது வரை, ஒரு வினாடிக்கு மேற்படாமல் அடிக்க வேண்டும். குப்பியில் இருப்பது மொத்தமே சில வினாடிகளுக்கானது.

உங்கள் மீது பட்டுவிட்டால் கண்ணைக் கசக்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கையைக் கழுவிய பின் உடனே கழற்றிவிட்டு, குளிர்ந்த குழாய்நீரைக் கண்களில் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு இமைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காரச்சத்து எண்ணெயில் கரையும் தன்மையுடையது என்பதால், தேங்காயெண்ணெயோ நெய்யோ தடவுவது அதைத் தோலில் இன்னும் பரப்பவே செய்யும். தோலைக் குழந்தைகளுக்கான ஷாம்பூவால் கழுவலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலோ குப்பியை விட்டுவைக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைத்த பொருள் என்பதால் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது வெடிக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில், பையைச் சோபாவில் எறிந்துவிட்டுப் போகும் பழக்கத்தையும் கைவிட வேண்டியிருக்கும்.

ஒலியும் ஒளியும்

ஊசியை இழுத்தால் அலறும் சிறு அலாரமும், உள்ளே உருண்டையில்லாத பிளாஸ்டிக் விசிலும் எந்த ஊரிலும் எந்தச் சட்டச் சிக்கலும் தராதவை. பள்ளி, கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது இவற்றையே. பயத்தில் தொண்டை அடைத்துக் குரல் எழும்பாமல் போவது மிக இயல்பு. விசிலுக்கு மூச்சு இருந்தால் போதும். ஆளரவமற்ற சாலையில் கேட்க யாருமில்லை என்றால் பயன் குறைவுதான், ஆனால் புறநகர் ரயில் பெட்டியிலும் அடுக்குமாடி வளாகத்திலும் இதற்கு ஈடு இல்லை. சிறிய, ஒளி மிகுந்த டார்ச் ஒன்றும் இருக்கட்டும். கைபேசி விளக்கு அகலமாகப் பரவும், தூரத்தில் நிற்பவரைக் காட்டாது. தனி டார்ச்சின் ஒளி எதிரில் வருபவன் முகத்தில் நேராக விழுந்து கண்ணைக் கூசச் செய்யும்.

காலை நடைக்குச் செல்பவர்கள் தெருநாய்களுக்காகக் கொண்டுபோகும் கைத்தடியும் குடையும் மனிதர்களைத் தூர நிறுத்தவும் உதவும். நீளமான குடையை இரு கைகளாலும் குறுக்கே பிடித்தால் இடைவெளி கிடைக்கும்.

கைபேசி

112 என்ற எண் நாடு முழுவதற்குமான அவசர அழைப்பு, பெண்களுக்கான உதவி எண் 181, ரயிலில் 139. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் பவர் பொத்தானை ஐந்து முறை விரைந்து அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி அமைக்கலாம். ஐபோனிலும் இதற்கு நிகரான வசதி உண்டு. சாதாரணப் பட்டன் கைபேசிகளில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்தும் வசதி, 2017 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாடு காவல்துறை 2022-இல் வெளியிட்ட ‘காவல் உதவி’ செயலியின் சிவப்புப் பொத்தானும் இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். இவற்றைப் பதிவிறக்கம் செய்துவிட்டு அனுமதிகளைக் கொடுக்காமல் விடுவதே வழக்கமாக நடக்கிறது; இருப்பிட அனுமதியையும் அவசரத் தொடர்பு எண்களையும் இன்றே சரிபார்த்துவிட வேண்டும்.

எங்கே வைப்பது

பழைய மகாபலிபுரம் சாலையில் இரவுப் பணி முடித்து வரும் ஒருவரின் கைப்பையைக் கற்பனை செய்து பாருங்கள்: டிபன் பாக்ஸ், குடை, சார்ஜர், தண்ணீர் பாட்டில், அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்பிரே. இரண்டு ஜிப்புகளைத் திறந்து அதைத் தேடி எடுப்பது எந்தப் பதற்றமும் இல்லாத நேரத்திலேயே கடினம். பையைப் பறித்துக்கொண்டால் ஸ்பிரேயும் அதோடு போய்விடும். ஆகவே ஸ்பிரே உடலில் இருக்க வேண்டும்: சுடிதார் அல்லது பேன்ட் பாக்கெட்டில், பாக்கெட் இல்லாத உடையென்றால் இடுப்புப் பட்டையில் கிளிப் போட்டு, அல்லது வாகனத்திலிருந்து இறங்கி வீட்டு வாசல் சேரும் வரை கையிலேயே. பழக்கமான கைப்பக்கமே அதன் இடம். அதை நாளுக்கொரு இடத்துக்கு மாற்றக் கூடாது. விசிலையும் அலாரத்தையும் பையின் தோள்வாரில், மார்புக்கு நேராகக் கட்டலாம். விசிலைக் கழுத்தில் மாட்டுபவர்கள், இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய கயிற்றையே பயன்படுத்த வேண்டும்.

விமானப் பயணத்துக்கு ஸ்பிரே கூடவே கூடாது. கையில் எடுத்துச் செல்லும் பைக்கு மட்டுமன்றி, ஒப்படைக்கும் பெட்டிக்கும் இந்தத் தடை உண்டு. சிங்கப்பூரில் உரிய அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம்; பிரிட்டனில் பெப்பர் ஸ்பிரே துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட ஆயுதம். வெளிநாட்டில் படிக்கச் செல்லும் மகளுக்கு அக்கறையோடு பெட்டியில் வைத்து அனுப்பும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அங்கெல்லாம் அலாரமும் டார்ச்சும் போதும்.

பயன்படுத்திய பிறகு

பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் முதல் வேலை 112-ஐ அழைப்பது. எங்கே, எப்போது, என்ன நடந்தது என்பதோடு, நீங்கள் ஸ்பிரே அடித்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் புகார் கொடுப்பவர் எதிர்த்தரப்பாக இருந்தால் கதை தலைகீழாகிவிடும். குப்பியை எறிந்துவிடாமல் ஒரு காகித உறையில் போட்டு வைக்கவும். அருகிலுள்ள கடைகளின் சிசிடிவி எங்கே இருந்தது, யார் பார்த்தார்கள் என்பதை நினைவு மங்குவதற்குள் கைபேசியில் எழுதிக்கொள்ளவும். காயம் சிறிதானாலும் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்துகொள்வது பின்னர் உதவும். சம்பவ இடம் எங்கள் எல்லைக்குள் வராது என்று ஒரு நிலையத்தில் திருப்பி அனுப்பினால், எல்லையைப் பொருட்படுத்தாமல் எந்த நிலையத்திலும் முதல் தகவல் கொடுக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இடமளிக்கிறது என்பதை எடுத்துச் சொல்லலாம். ஒருமுறை அடித்த குப்பியில் மிச்சம் இருப்பதுபோல் தோன்றினாலும், அதை நம்பி மீண்டும் வெளியே கிளம்பாமல் புதிதாக ஒன்று வாங்கிவிட வேண்டும்.