நேட்டாலுக்குக் கப்பலேறிய பாட்டன் எந்த ஊர்? காலனி எண்ணைப் பிடித்துத் தேடும் முறை

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பேச்சு வழிவழியாக வரும்: “நம்ம பாட்டன் வேலூர்ப் பக்கத்துல இருந்து கப்பல்ல வந்தவர்.” கையில் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். அதைக் கொண்டே அவருடைய அப்பா பெயர், கப்பல், வந்த நாள், ஊர் வரை போய்விட முடியும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து, அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலின் (இன்று தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணம்) துறைமுகமான டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை கூலி வேலை ஒப்பந்தத்தில் வந்த 1,52,000-க்கும் மேற்பட்டோரை ஆள் ஆளாக ஏட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கைக்குழந்தைக்கும் எண் உண்டு. அதுதான் காலனி எண். தேடலில் பெயர் உங்களைக் கைவிடும், எண் கைவிடாது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சொந்தக் காசில் சீட்டு எடுத்து வந்த வணிகர்கள் இந்த ஏடுகளில் இருக்கமாட்டார்கள். உங்கள் குடும்பம் கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே, டர்பன் நகராட்சி வேலை என்று தொடங்கியிருந்தால்தான் இந்த வழி உங்களுக்குப் பொருந்தும்.

முதல் படி: வீட்டுக் காகிதங்கள்

இணையத்தைத் திறக்கும் முன் பழைய பெட்டிகளைத் திறங்கள். தேட வேண்டியவை: ஒப்பந்தம் முடிந்த சான்று, பாஸ் (அனுமதிச் சீட்டு), திருமணப் பதிவு, மூன்று பவுண்டு வரி கட்டிய ரசீது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள்மேல் 1895-இல் வந்த அந்த வரி 1914-இல்தான் நீங்கியது. ஆகவே இடைப்பட்ட ஆண்டுகளின் ரசீதுகள் சில வீடுகளில் இன்னும் உண்டு. இவற்றில் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கத்துக்குள் ஓர் எண் தெரிந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், காகிதத்தை மடிப்பு நீவி இஸ்திரி போடாதீர்கள். பழைய மை சூட்டில் மங்கும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது “நம்ம ஊர் எது?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். குலதெய்வம் எது, மொட்டை எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள், பாட்டி வீட்டில் தெலுங்கு பேசினாளா, எந்தத் தோட்டத்துப் பாரக்கில் (தொழிலாளர் குடியிருப்பில்) பிறந்தார்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் மறந்த வீட்டிலும் குலதெய்வத்தின் பெயர் மறந்திருக்காது. கடைசிப் படியில் அது கைகொடுக்கும்.

இரண்டாம் படி: காலத்தைக் கணக்கிடுதல்

தலைமுறைக்கு 25 ஆண்டு என்று பின்னோக்கி எண்ணி, கப்பலேறியவர் எந்தப் பத்தாண்டில் வந்திருப்பார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1866-க்கும் 1874-க்கும் இடையில் ஆள் ஏற்றுவது நின்றிருந்தது. உங்கள் கணக்கு 1870-இல் போய் நின்றால் அவர் சில ஆண்டு முன்னோ பின்னோ வந்திருக்கிறார் என்று பொருள். எண் கையில் இருந்தால் அதுவே காலம் சொல்லும்: 6,400-க்குள் என்றால் 1866-க்கு முன் வந்த முதல் கூட்டம்.

மூன்றாம் படி: எண்ணைக் கண்டுபிடித்தல்

காகிதம் எதுவும் இல்லாதவர்கள் சாவிலிருந்து பிறப்பை நோக்கி நடக்க வேண்டும். சாவுச் சான்றிதழ் மட்டும் போதாது. இறந்தவரின் சொத்தைத் தீர்த்துவைக்கத் திறந்த சொத்துக் கோப்பில் இருக்கும் ‘டெத் நோட்டீஸ்’ என்ற படிவத்தைத் தேடுங்கள். இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில்தான் இருக்கும். நேட்டால் சாவுப் பதிவுகளும் சொத்துக் கோப்புகளும் ஃபேமிலி சர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசக் கணக்கிலேயே நிறையக் கிடைக்கின்றன.

அடுத்து, தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடல். அங்கே வருவது கோப்பின் விவரக் குறிப்பு மட்டும்தான், படம் வராது. பாட்டன் பெயர் கண்ணில் பட்டதும் மகிழ்ச்சியில் பக்கத்தை மூடிவிடாமல் காப்பகத்தின் குறி, மூலக் குறி, தொகுதி எண், கோப்பு எண் நான்கையும் எழுதி வையுங்கள். நகல் கேட்கும்போது இந்த நான்கும் வேண்டும். மூலக் குறி ‘ஐ ஐ’ என்றிருந்தால் அது இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்பு; அங்கே காலனி எண் இருக்க வாய்ப்பு அதிகம். ‘எம் எஸ் சி இ’ என்றால் சொத்துக் கோப்பு.

நேட்டாலில் பிறந்த பிள்ளைகளுக்குக் காலனி எண் கிடையாது. தாத்தா அங்கேயே பிறந்தவராக இருந்தால், அவருடைய பதிவில் அப்பாவின் எண்ணும் அம்மாவின் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரில் எங்கே வழுக்கும்

புதிதாகத் தேடுபவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். இன்றைய குடும்பப் பெயரை அப்படியே கப்பல் பட்டியலில் தேடுவார்கள். அன்று கப்பலேறியவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அவருக்கு ஒரு பெயர், அப்பாவுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கப்பலில் வந்தவர் பெருமாள், அவர் அப்பா வீரன். பட்டியலில் “பெருமாள், அப்பா பெயர் வீரன்” என்று இருக்கும். பெருமாளின் மகன் முனுசாமி பள்ளியில் சேரும்போது ‘முனுசாமி பெருமாள்’ ஆகிறார். இன்னொரு மகன் வேலைக்குப் போன இடத்தில் தாத்தா பெயரைச் சேர்த்து ‘கோவிந்தன் வீரன்’ ஆகிறார். முனுசாமியின் மகன் ‘ஆறுமுகம் முனுசாமி’. அதற்குப் பிறகு ‘முனுசாமி’ அப்படியே குடும்பப் பெயராக உறைந்துவிடுகிறது. இன்று முனுசாமி என்றும் வீரன் என்றும் இரு குடும்பங்கள், ஒரே ரத்தம், ஒருவருக்கொருவர் தெரியாது. பட்டியலில் முனுசாமி என்று எத்தனை நாள் தேடினாலும் இவர்கள் பாட்டன் கிடைக்கமாட்டார். ‘கோவெண்டர்’, ‘பிள்ளை’, ‘மூட்லி’, ‘படையாச்சி’ என்ற பட்டப் பெயர்களும் இப்படித்தான். பல குடும்பங்கள் அவற்றைக் கரையேறிய பிறகு சேர்த்துக்கொண்டன.

எழுத்துக்கூட்டல் அடுத்த சிக்கல். தமிழில் சொன்னதைக் கேட்டு எழுத்தர் தன் காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதினார். குப்புசாமியின் ‘கு’ ஓரிடத்தில் சி-யு, ஓரிடத்தில் கே-யு, ஓரிடத்தில் சி-ஓ-ஓ. முனியனும் முனியாண்டியும் சுருங்கி ஒன்றாவார்கள். முழுப் பெயரைத் தட்டாமல் நடுவில் உள்ள மூன்று நான்கு எழுத்தை மட்டும் தட்டித் தேடுங்கள், பிறகு உயிரெழுத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். லகர, ளகர, ழகரம் மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எல் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காம் படி: கப்பல் பட்டியலைப் படித்தல்

மூலப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்த வேலைக்கு முக்கியமான இடம். தட்டச்சு செய்த பதிப்பில் ஆள் கிடைத்தாலும் மூல ஏட்டின் படத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கையெழுத்தில் ‘என்’னும் ‘யு’வும் ஒன்றுபோல் இருக்கும். தட்டச்சு செய்தவர் ஊர்ப் பெயரைத் தவறாக வாசித்திருந்தால் நீங்கள் இல்லாத ஊரைத் தேடி அலைவீர்கள்.

ஒரு வரியில் காலனி எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாணா (காவல் நிலையப் பகுதி), ஊர், பிறகு வேலைக்கு அனுப்பப்பட்ட முதலாளி என்று போகும். ‘மலபார்’ என்று எழுதியிருந்தால் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழரை அப்படித்தான் எழுதினார்கள். ‘ஜென்டூ’ என்றால் தெலுங்கர். வயதை நம்ப வேண்டாம். 20, 25, 30 என்று குத்துமதிப்பாகப் போட்டதே அதிகம். சாதிக் கட்டமும் அப்படியே, சொன்னது ஒன்று எழுதியது ஒன்று.

உங்கள் ஆளின் வரியோடு நிறுத்தாமல் மேலே பத்து, கீழே பத்து வரி படியுங்கள். மனைவி, பிள்ளை, தம்பி பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள். அதே தாணாவிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து வந்திருந்தால் அந்த ஊர்ப் பெயரின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களும் அங்கேயே கிடைக்கும். பெண்களின் வரியை அவசரமாகத் தாண்டாதீர்கள். கணவன் இல்லாமல் தனியே வந்த பெண்கள் பலர். அவர்களுடைய ஊர் வேறு, அப்பா வேறு. பாட்டியின் வேரைப் பாட்டனின் ஊரோடு சேர்த்து எழுதிவிட்டால் அவள் பிறந்த வீடு நிரந்தரமாகத் தொலைந்துபோகும்.

கப்பல் பெயரை மட்டும் எழுதி வைப்பது போதாது. ‘உம்லாசி’ போன்ற நீராவிக் கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்தவை. எத்தனையாவது பயணம், எந்த மாதம், எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இது உங்கள் பாட்டன்தான் என்று முடிவு கட்ட, பெயரும் வயதும் பொருந்தினால் போதாது. அப்பா பெயர், மனைவியின் எண், வேலை செய்த தோட்டம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். அப்படிப் பொருந்தாதவரை ‘இவராக இருக்கலாம்’ என்று பென்சிலில் எழுதி வையுங்கள். ஒரே பெயரில் பல பேர் வந்திருக்கிறார்கள். வேறொருவரின் பாட்டனைச் சொந்தம் கொண்டாடிய குடும்ப மரங்கள் இணையத்தில் கொஞ்சமல்ல.

ஐந்தாம் படி: அன்றைய ஜில்லாவிலிருந்து இன்றைய ஊருக்கு

தமிழ்க் காது உள்ளவர் தேவைப்படுவது இங்கே. எழுதியிருப்பதை ஆங்கிலமாக வாசிக்காமல் வாய்விட்டுத் தமிழாகச் சொல்லிப் பாருங்கள். ‘வாண்டிவாஷ்’ வந்தவாசி, ‘கான்ஜீவரம்’ காஞ்சிபுரம், ‘கூடியாத்தம்’ குடியாத்தம். பெரிய ஊர்கள் எளிது; சிற்றூர்களுக்குப் பொறுமை வேண்டும்.

ஜில்லா எல்லைகள் மாறியிருப்பதால் இன்றைய வரைபடத்தை நேராக வைத்துத் தேடினால் தவறு வரும். அன்றைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களாகவும் ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியாகவும் பிரிந்து கிடக்கிறது. திருவண்ணாமலை வட்டம் 1911 வரை தென் ஆற்காட்டில் இருந்தது. திருப்பத்தூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. ‘சேலம், திருப்பத்தூர்’ என்று பட்டியலில் பார்த்துவிட்டுச் சேலத்தில் இறங்கினால் பயணம் வீண்.

தாணா தெரிந்ததும், தமிழ்நாடு அரசின் பட்டா, சிட்டா பார்க்கும் இணையதளத்தைத் திறங்கள். மாவட்டமும் வட்டமும் தேர்ந்தெடுத்தால் வருவாய்க் கிராமங்களின் பட்டியல் தமிழிலேயே வரும். அதை மேலிருந்து கீழே சத்தமாக வாசித்துக்கொண்டே போங்கள். கப்பல் பட்டியலில் உள்ள ஒலியோடு எது ஒட்டுகிறதோ அதைக் குறியுங்கள். புதூர், நல்லூர், பாளையம் போன்ற பெயர்கள் ஒரே வட்டத்தில் மூன்று நான்கு இருக்கும், எல்லாவற்றையும் எழுதுங்கள். பட்டியலில் இல்லையென்றால் அது ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கிய குக்கிராமமாக இருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தைவிட அந்தப் பகுதியின் தபால்காரருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அது சட்டென்று தெரியும்.

ஊருக்குப் போகும்போது

பங்காளி இருக்கிறார்களா என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் பழைய பெயரோடு வந்து நின்றால் நிலத்தில் பங்கு கேட்க வந்ததாகத்தான் முதலில் நினைப்பார்கள். “நிலம் எதுவும் கேட்டு வரலீங்க, சாமி கும்பிட வந்தோம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதியைச் சொல்லி விசாரிப்பதும் வேண்டாம். ஏட்டில் உள்ளது தவறாக இருந்தால் ஊரே வாய் மூடிக்கொள்ளும். முதல் படியில் எழுதிவைத்த குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி, அந்தக் கோயில் எங்கே, பூசை போடுவது யார், பொங்கல் வைக்க எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் குடும்பங்களின் பெயர் பூசாரியின் வாயில் இருக்கும். அந்தப் பெயர்களில் உங்கள் பாட்டனின் அப்பா பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று கவனியுங்கள். தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கே இன்னும் வழக்கம்.